பீரோ நிறைய துணி, காலையில போட ஒண்ணும் இல்ல: பருவம் மாறும்போது எப்படிப் பிரிக்கிறீங்க?

இளவெயில் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையா படிங்க.

போன ஞாயித்துக்கிழமை என் பீரோவுல இருந்த துணியெல்லாம் எடுத்துக் கட்டில்ல போட்டு எண்ணினேன். உள்ளாடை, ராத்திரி போடறது நீங்கலா 94 உருப்படி. மறுநாள் காலையில ஏழு மணிக்கு அதே பீரோ முன்னாடி எப்பவும்போல பத்து நிமிஷம் நின்னேன். ஒரு குர்தாவைப் போட்டேன், கழட்டினேன். ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டேன், கழட்டினேன். கடைசியில நாற்காலி முதுகுல கிடந்த சாம்பல் நீலச் சட்டையையே எடுத்து மாட்டிக்கிட்டு ஓடினேன். அந்தச் சட்டையை வாரத்துல ரெண்டு நாள் போடறேன். 94 உருப்படி வெச்சிருக்கிறவ இப்படியா இருக்கணும்னு அன்னைக்கு முழுக்க மனசு ஒரு மாதிரி இருந்தது.

என் நாள் எப்படின்னு சொல்லிடறேன், அப்பதான் யோசனை சொல்ல வசதியா இருக்கும். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு இருபது நிமிஷ நடை. ஆபீஸ்ல என் இருக்கைக்கு நேர் மேலே ஏசி. வெயில் காலத்துல நடந்து போய் வேர்த்து நனைஞ்சு உக்காருவேன், அரை மணி நேரத்துல பல்லு கிட்டும். மழைக்காலத்துல பேண்ட் கால் முழங்கால் வரைக்கும் நனைஞ்சு மத்தியானம் வரைக்கும் காயாது. குளிர்காலத்துல காலையில நடுங்கிட்டுப் போவேன், மதியம் ஸ்வெட்டரைக் கையில தூக்கிட்டு வருவேன்.

மூணு மாசத்துக்கு 33 உருப்படி போதும்னு ஒரு முறை இருக்கே, 2010-ல கோர்ட்னி கார்வர் ஆரம்பிச்சு வெச்சது, அதைப் போன வருஷம் செஞ்சு பார்த்தேன். செருப்பு, நகை எல்லாம் சேர்த்து 33. முதல் ரெண்டு வாரம் உண்மையாவே நிம்மதியா இருந்தது. மூணாவது வாரம் மழை பிடிச்சது. துவைச்சது ரெண்டு நாள் ஆகியும் காயல. நான் தேர்ந்தெடுத்து வெச்சிருந்த நாலு பேண்ட்ல மூணு ஜீன்ஸ். மூட்டை கட்டி மேல போட்டதை எல்லாம் ஒரு ராத்திரி இறக்கிட்டேன். அதோட அது முடிஞ்சது.

என்னை நச்சரிக்கிற கேள்விங்க இதுதான். எதை வெச்சுக்கிறது, எதை விடறதுன்னு எதை வெச்சு முடிவு பண்ணறீங்க? ஒவ்வொரு பருவத்துக்கும் மொத்தமா மாத்தி அடுக்கறீங்களா, இல்ல எல்லாமே வெளிய இருக்குமா? "உனக்குச் சந்தோஷம் தருதா"ன்னு துணியைக் கேக்கச் சொல்லறாங்க. எனக்கு அது வேலை செய்யல. போடாத துணிதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச துணி.


நூல்கண்டு எழுதியது:

அம்மா, உங்க கடைசி வரியைப் படிச்சதும் பதில் எழுதாம இருக்க முடியல. நான் 26 வருஷமா துணி தைக்கிறேன். அதுல பாதிக்கு மேல பிடிக்கிறது, பிரிச்சு விடறது, நீளம் ஏத்தறதுன்னு ஆல்டர் வேலைதான். போடாம கிடக்கிற துணிதான் என் கைக்கு நிறைய வரும். அதனால ஒண்ணு நிச்சயமா சொல்வேன்: போடாத துணியில முக்கால்வாசி, பிடிக்காததால கிடக்கல. ஏதோ ஒரு சின்னக் குறையால கிடக்கு. அந்தக் குறை என்னன்னு அதை வெச்சிருக்கிறவங்களுக்கே தெரியாது. போட்டதும் ஏதோ சரியில்லைன்னு தோணும், கழட்டிடுவாங்க. நீங்க அன்னைக்கு ரெண்டைக் கழட்டினீங்களே, அந்த மாதிரி.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா யாருக்காவது கொடுத்திடலாம்னு 19 துணியை ஒரு பையில போட்டுக் கொண்டு வந்தாங்க. சரி, கொடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா போட்டுக் காட்டுங்கன்னு சொன்னேன். நாலு சட்டையில நெஞ்சுகிட்ட ரெண்டு பட்டனுக்கு நடுவுல வாய் பிளக்குது. உள்பக்கமா ஒரு டிச் பட்டன் வெச்சா முடிஞ்சது. மூணு பேண்ட் தரையைத் தொடுது. ஒரு குர்தாவுல கழுத்துப் பின்னாடி இருந்த லேபிள் குத்துது, பிரிச்சு எடுத்தேன். இன்னொண்ணுல உள்ள தெரியுது, லைனிங் போட்டோம். இந்த மாதிரி சின்னச் சின்ன வேலையில மொத்தம் 11 துணி திரும்ப வீட்டுக்குப் போச்சு. மீதி எட்டை அவங்க மனசாரக் கொடுத்தாங்க.

அதனால எண்ணிக்கையை இப்போதைக்கு விட்டுடுங்க. பீரோ பக்கத்துல ஒரு கூடை, ஒரு டப்பா ஊக்கு, கொஞ்சம் துண்டுக் காகிதம் வெச்சுக்கோங்க. காலையில ஒண்ணைப் போட்டுட்டுக் கழட்டினா திரும்ப பீரோவுல வைக்காதீங்க. எதுக்குக் கழட்டினீங்கன்னு ரெண்டே வார்த்தையில எழுதி, ஊக்கால அதுலயே குத்திக் கூடையில போடுங்க. "கை பிடிக்குது", "பேண்ட் சேரல", "தேய்க்கணும்", "குட்டை". அவசரத்துல எழுதறதுதான் நிஜமா இருக்கும். ரெண்டு வாரம் கழிச்சு உக்காந்து காகிதத்தைப் படிங்க. ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும். என் அனுபவத்துல ஒருத்தருக்கு ரெண்டு மூணு காரணத்துக்கு மேல இருக்காது.

அடுத்தது, எதைச் சரிபண்ணலாம், எதை விட்டுடணும். இதுல எனக்கு ஒரே அளவுகோல் தோள்பட்டைதான். தோள் தையல் உங்க தோள் எலும்பு முடியற இடத்துல உக்காந்திருந்தா அந்தத் துணிக்கு உயிர் இருக்கு. இடுப்பு, நீளம், கை அகலம், கை நீளம் எல்லாம் சின்ன வேலை. தோள் இறங்கிக் கிடந்தாலோ ஏறி நின்னாலோ கையையே பிரிச்சு, கைக்குழியை மறுபடி வெட்டணும். அவ்வளவு செஞ்சும் பழைய வாட்டம் வராது. அதை விட்டுடுங்க.

பிரிச்சு விட முடியுமான்னு தெரிஞ்சுக்க உள்பக்கம் திருப்பிப் பாருங்க. தையலுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு துணி இருக்கு? தையல்காரர் தைச்சதுன்னா ரெண்டு விரல் அகலம் விட்டிருப்பாங்க. ரெடிமேட்ல தையலை ஒட்டி ஓவர்லாக், அதாவது ஓரம் பிரியாம இருக்கப் போடற தையல், ஓடியிருக்கும், ஒரு சென்டிமீட்டர் இருந்தாலே பெரிசு. அதைப் பெரிசாக்க வழியே இல்ல, சிறிசாக்கத்தான் முடியும்.

அப்புறம் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாருங்க. பேண்ட்ல உள்தொடை, சட்டையில அக்குள், கழுத்துப் பட்டையோட மடிப்பு, முழங்கை. அங்க மட்டும் சல்லடை மாதிரி வெளிச்சம் வந்தா நூல் தேய்ஞ்சு போச்சு. அது இன்னும் பத்து துவைப்பு தாங்காது, எத்தனை ஒட்டுப் போட்டாலும் பக்கத்துல கிழியும். நன்றி சொல்லி அனுப்பிடலாம்.

எதோட எது சேரும்னு பார்க்கறப்ப எல்லாரும் மேல போடறதுல ஆரம்பிக்கிறாங்க. நான் கீழ போடறதுல ஆரம்பிப்பேன். நாலு பேண்டைக் கட்டில்ல வரிசையா விரிச்சு வைங்க. ஒவ்வொரு சட்டையா, குர்தாவா எடுத்து நாலு மேலயும் வெச்சுப் பாருங்க. மூணோட சேர்ந்தா அது தினசரித் துணி. ஒண்ணே ஒண்ணோடதான் சேருதுன்னா அது ஜோடி. ஜோடியைப் பிரிக்காம ஒரே ஹேங்கர்ல மாட்டிடுங்க, காலையில தேட வேண்டாம். எதோடயும் சேரலைன்னா, அதுக்காகப் புதுசா பேண்ட் வாங்கக் கிளம்பாதீங்க. அதுக்கப்புறம் அந்தப் பேண்டோட சேர ஒரு சட்டை தேடுவீங்க.

இதைப் பகல் வெளிச்சத்துல செய்யணும், ட்யூப்லைட்ல வேண்டாம். கறுப்பு எல்லாம் ஒரே கறுப்புன்னு நினைக்கிறோம். ஜன்னல்கிட்ட கொண்டு வந்தா ஒரு கறுப்புல நீலம் ஓடும், இன்னொண்ணுல காவி ஓடும். பருத்திக் கறுப்பு துவைக்கத் துவைக்க வெளுக்கும், பாலியஸ்டர் கறுப்பு அப்படியே நிக்கும். ரெண்டையும் சேர்த்துப் போட்டா மேல் பழசு, கீழ் புதுசுன்னு தெரியும். ஜோடியா போடறதை எப்பவும் ஒண்ணாவே துவைங்க, உள்பக்கம் திருப்பி நிழல்ல காய வைங்க. வெளுத்தாலும் சேர்ந்து வெளுக்கும்.

இப்ப பருவத்துக்கு வரேன். மொத்தமா மாத்தி அடுக்க வேண்டாம்னுதான் சொல்வேன். உங்க சாம்பல் நீலச் சட்டை மூணு பருவத்துலயும் நாற்காலியில கிடக்குதுல்ல? அந்த மாதிரி வருஷம் பூராவும் ஓடற துணி ஒரு பத்துப் பதினஞ்சு உங்ககிட்ட இருக்கும். அது எப்பவும் கண் மட்டத்துல இருக்கட்டும். அதுக்கு ரெண்டு பக்கமும்தான் பருவத் துணி வந்து போகணும்.

வெயிலுக்கு உடம்பை ஒட்டாத பருத்தி, லினன். லினன் கசங்கும், அது அதோட குணம். அதைத் தேய்ச்சுத் தேய்ச்சு ஓயாதீங்க. மழைக்கு நீங்க பட்ட கஷ்டத்துக்குக் காரணம் எண்ணிக்கை இல்லம்மா, ஜீன்ஸ். கனத்த பருத்தி தண்ணியை இழுத்து வெச்சுக்கும், இடுப்புப் பட்டையும் பாக்கெட்டும் கடைசி வரைக்கும் காயாது. மழைக்குன்னு மெல்லிசா, பாலியஸ்டர் கலந்த பேண்ட் ரெண்டு வெச்சுக்கோங்க. கணுக்காலுக்கு ரெண்டு விரல் மேல நிக்கட்டும். நிறம் நடுத்தரமா, பொடிப் பொடியா டிசைன் இருந்தா சேறு தெறிச்சது தெரியாது. ரேயான் துணியை மழையில அதிகம் போடாதீங்க, நனைஞ்சா அதோட பலம் பாதிக்குப் பாதி குறையும். துவைச்சாலும் முறுக்கிப் பிழியக் கூடாது.

குளிருக்கு ஒரு தடி ஸ்வெட்டரை விட ரெண்டு மெல்லிசு மேல். இதுல எல்லாரும் தப்பு பண்ற இடம் கைக்குழி. உள்ள போடற சட்டையோட கை ஒட்டினாப்ல இருக்கணும், மேல போடறதோட கைக்குழி ஒரு விரல் பெரிசா இருக்கணும். ரெண்டும் ஒரே அளவா இருந்தா அக்குள்ல துணி சுருண்டு திரண்டு நாள் பூரா உறுத்தும். அப்புறம் "எனக்கு கார்டிகன் ஒத்துக்காது"ன்னு சொல்வீங்க. கார்டிகன்ல தப்பே இருக்காது.

கூடையில என்னென்ன காகிதம் வருதுன்னு வந்து சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்.


வடகாற்று எழுதியது:

மேலே அந்த அம்மா சொன்னதற்கு என் துறையிலிருந்து சில எண்களைத் தரலாம் என்று நினைக்கிறேன். நான் ஏசி வடிவமைப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "ஏசியைக் குறையுங்கள்", "ஏசியைக் கூட்டுங்கள்" என்று ஒரே அறையிலிருந்து இரண்டு பேர் தொலைபேசியில் கூப்பிடுவதைப் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். இருவர் மீதும் குற்றமில்லை. அவர்கள் உடுத்தியிருந்தது வேறு வேறு.

உடை எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கிறது என்பதை அளக்க எங்களிடம் ஓர் அலகு உண்டு. பெயர் குளோ. 1941-ல் கேகி, பர்ட்டன், பேசட் என்ற மூன்று ஆய்வாளர்கள் வகுத்தது. 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக் குளிராமலும் வேர்க்காமலும் இருக்க எவ்வளவு உடை வேண்டுமோ அது 1 குளோ. ஆஷ்ரே 55 என்ற, அமெரிக்க ஏசிப் பொறியாளர் சங்கத்தின் தரநிலையில் ஒவ்வொரு உடுப்புக்கும் அட்டவணை போட்டிருக்கிறார்கள். அரைக்கைச் சட்டை 0.19. முழுக்கைச் சட்டை 0.25. மெல்லிய பேண்ட் 0.15, கனமான பேண்ட் 0.24. மெல்லிய முழுக்கை ஸ்வெட்டர் 0.25, தடித்தது 0.36.

சகோதரி, இதில் உங்களுக்குப் பயன்படுவது இதுதான். பேண்டை மெல்லியதிலிருந்து கனமானதற்கு மாற்றினால் கூடுவது வெறும் 0.09. ஒரு மெல்லிய ஸ்வெட்டரைச் சேர்த்தால் 0.25 கூடுகிறது. 0.1 குளோ கூடினால் ஏறக்குறைய 0.6 டிகிரி குளிர்ந்த அறையிலும் வசதியாக இருக்கலாம். அப்படியானால் அந்த ஒரு மெல்லிய ஸ்வெட்டர் சுமார் ஒன்றரை டிகிரிக்குச் சமம். எனவே பருவத்துக்குப் பருவம் பேண்ட் மாற்றுவதில் பெரிய பலன் இல்லை (மழை வேறு கதை). மேலே போடுவதை மாற்றினால் போதும்.

உங்கள் காலை நேரச் சிக்கலுக்கு வேறொரு காரணமும் உண்டு. உட்கார்ந்திருக்கும் உடம்பு வெளிவிடும் சூட்டை 1 என்று வைத்தால், மணிக்கு 4.3 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் உடம்பு 2.6 விடுகிறது. இருபது நிமிடம் அப்படி நடந்துவிட்டுச் சட்டென்று ஏசிக்குக் கீழே உட்காருகிறீர்கள். உடம்பு சூட்டைக் குறைத்துக்கொண்டுவிட்டது, சட்டையிலுள்ள வேர்வையோ இன்னும் ஆவியாகி உங்கள் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அப்போது நனைந்த சட்டைமேல் ஸ்வெட்டரை மாட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பத்து நிமிடம் காயவிட்டு மாட்டுங்கள். முடிந்தால் நடைக்கு ஒரு மெல்லிய பனியன் போட்டு, ஆபீஸ் போனதும் அதை மட்டும் மாற்றுங்கள்.

துணி ஈரத்தை எவ்வளவு வாங்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் எட்டரை விழுக்காடு அளவுக்கு ஈரம் வைத்திருக்கும், கம்பளி சுமார் 16, பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட இல்லை. பாலியஸ்டர் சீக்கிரம் காய்வது அதனால்தான். ஆனால் அது உடம்பின் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், வேர்வை நாற்றம் அதில் நிலைத்துவிடும். மழைக்குப் பாலியஸ்டர் கலந்த பேண்ட் என்று நூல்கண்டு அம்மா சொன்னதை இதனால் முழுமனதோடு ஆமோதிக்கிறேன்.

கறுப்பு உடை வெயிலில் சுடும் என்பார்கள். 1980-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் பாலைவனத்து பெடூயின் மக்களின் கறுப்பு அங்கியை அளந்து ஒரு கட்டுரை வந்தது. கறுப்பு அங்கி கூடுதல் சூட்டை வாங்கினாலும் அது தோலை எட்டவில்லை, உடுத்தியவருக்கு வெள்ளை அங்கியில் வருகிற அதே சூடுதான். அங்கி தளர்ந்து தொங்கி உள்ளே காற்று ஓடினால்தான் இது நடக்கும். ஒட்டிய கறுப்புச் சட்டைக்குப் பொருந்தாது. நிறத்தை விடத் தளர்ச்சியை முதலில் பாருங்கள்.


மழைத்தூறல் எழுதியது:

நூல்கண்டு அக்கா, கேள்வி கேட்டவங்களுக்கு நடுவுல என் கேள்வியையும் சொருகறேன், மன்னிச்சுக்கோங்க. எனக்குக் குழந்தை பிறந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. முன்னாடி போட்டது, வயித்துல இருந்தப்ப போட்டது, இப்ப போடறதுன்னு மூணு அளவுல துணி கிடக்கு. பழைய அளவுக்கு வருவேனான்னு தெரியல. தினமும் பீரோவைத் திறந்ததும் அந்தப் பழைய பேண்ட் வரிசைதான் முதல்ல கண்ணுல படுது. தூக்கிப் போடவும் மனசு வரல. எடுத்து மேல வைக்கலாம்னா போன தடவை வெச்ச கம்பளி ஸ்வெட்டர்ல ஓட்டை ஓட்டையா விழுந்திருந்தது. அந்துருண்டை போட்டும் அப்படி.


நூல்கண்டு எழுதியது:

மழைத்தூறல், முதல்ல அந்தப் பழைய பேண்ட் வரிசையை இன்னைக்கே கண்ணுல இருந்து எடுத்திடு கண்ணு. தூக்கிப் போடச் சொல்லல, இடம் மாத்தச் சொல்றேன். காலையில பீரோவைத் திறந்தா உனக்கு இப்ப சரியா இருக்கிற துணி மட்டும்தான் தெரியணும், அது ஏழே ஏழா இருந்தாலும் சரி. ஒன்றரை வருஷம் பிள்ளையைத் தூக்கின உடம்பு. அதுக்குப் பொருந்தற துணி ஒரு அலமாரித் தட்டுல நிறைஞ்சு இருக்கணும்கறது அந்த உடம்புக்கு நாம கொடுக்கிற மரியாதை.

வெச்சுக்கப் போற பழசுல எலாஸ்டிக் இருக்கிறதை மட்டும் சோதிச்சுப் பாரு. இடுப்புப் பட்டையைக் காதுகிட்ட வெச்சு மெதுவா இழு. சத்தம் இல்லாம நீண்டா நல்லாயிருக்கு. கறகறன்னு சத்தம் கேட்டா உள்ள இருக்கிற ரப்பர் செத்துப் போச்சு. போடாம வெச்சிருந்தாலும் சாகும், ரெண்டு மூணு வருஷம் கழிச்சு எடுத்தா நீ பழைய அளவுக்கு வந்திருப்ப, பேண்ட் வந்திருக்காது. எலாஸ்டிக் மாத்தறது சின்ன வேலைதான். ஆனா ரப்பர் நூலைத் துணியோட சேர்த்தே நெய்த ஸ்ட்ரெச் பேண்ட்னா ஒண்ணும் பண்ண முடியாது.

ஓட்டை விஷயத்துக்கு வரேன். கம்பளியைத் தின்னறது பறக்கிற அந்துப்பூச்சி இல்ல, அதோட புழு. அதுக்குக் கம்பளி, பட்டு மாதிரி மிருகத்துக்கிட்ட இருந்து வர நூல்தான் சாப்பாடு. அதுலயும் வேர்வை பட்ட இடம், கறை பட்ட இடம்னா விருந்து. உன் ஸ்வெட்டரை எடுத்துப் பாரு, கழுத்து, மணிக்கட்டு, முன்பக்கம் இங்கதான் ஓட்டை விழுந்திருக்கும். ஒரே ஒரு தடவை போட்டதுதானேன்னு துவைக்காம எடுத்து வெச்சிருப்ப. எல்லாரும் செய்யறதுதான்.

எடுத்து வைக்கிற எந்தத் துணியா இருந்தாலும் துவைச்சு, துளி ஈரம் இல்லாம காய வெச்சு, தேய்ச்ச சூடு ஆறினப்புறம் மடிச்சு வைக்கணும். துவைக்காத வெள்ளைத் துணி வைக்கறப்ப சுத்தமா தெரியும், ஆறு மாசம் கழிச்சு கழுத்துல மஞ்சள் கட்டியிருக்கும். உடம்பு எண்ணெய் காத்துபட்டு அப்படி ஆகும். கஞ்சி போட்டுத் தேய்ச்சதை வைக்காத, வெள்ளிப்பூச்சிக்குக் கஞ்சின்னா உயிர். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ள வேர்க்கும். பழைய பருத்தித் தலையணை உறை போதும். பின்னல் ஸ்வெட்டரை ஹேங்கர்ல மாட்டாத, தோள்ல கொம்பு முளைச்ச மாதிரி இழுத்துக்கும்.

அந்துருண்டையில நாஃப்தலீன் இருந்தா, அது சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஆகாது கண்ணு. உலகப் புற்றுநோய் ஆய்வு மையம் 2002-லயே அதைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்னு பட்டியல்ல சேர்த்தாச்சு. சில குழந்தைங்களுக்குப் பிறவியிலயே ஜி6பிடின்னு ஒரு குறை இருக்கும், அவங்களுக்கு அந்த வாடை பட்ட துணியால ரத்த அணுவே உடையும். மிட்டாய்னு எடுத்து வாயில போட்டுக்கிற ஆபத்து வேற. அந்துருண்டையோட வெச்ச பழைய துணியைத் துவைச்சு, ரெண்டு நாள் காத்தாட விட்டுட்டு அப்புறம் பிள்ளைகிட்ட கொண்டு போ. மீதி ஸ்வெட்டர்ல முட்டை இருக்குமோன்னு பயமா இருந்தா, காத்துப் போகாத பையில கட்டி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வை. மைனஸ் 18 டிகிரி இருந்தா முட்டையும் புழுவும் செத்துடும். எடுத்ததும் பையைத் திறக்காம, குளிர் போற வரைக்கும் விடு.


இளவெயில் எழுதியது:

ரெண்டு வாரம் கழிச்சு வரேன், ஊக்கு டப்பா காலி. கூடையில மொத்தம் 17 துணி சேர்ந்தது. நூல்கண்டு அம்மா, நீங்க சொன்ன மாதிரியே மூணே காரணம்தான் திரும்பத் திரும்ப வந்தது. "கை பிடிக்குது" ஏழு. "தேய்க்கணும்" அஞ்சு. "பேண்ட் சேரல" நாலு. மீதி ஒண்ணுல அவசரத்துல என்ன எழுதினேன்னு எனக்கே படிக்க முடியல.

அந்த ஏழையும் எடுத்துட்டு கண்ணாடி முன்னாடி நின்னு தோளைத் தடவிப் பார்த்தேன். அஞ்சுல தோள் சரியா உக்காந்திருக்கு. கை மேல்பகுதியில மட்டும் இறுக்கம். ரெண்டு குர்தா தையல்காரர் தைச்சது, உள்ள துணி விட்டிருந்தாங்க, பிரிச்சாச்சு. மூணு ரெடிமேட், வழியில்லை. தோள் ஏறி நின்ன ரெண்டையும் அதோட சேர்த்து, இன்னும் ஒல்லியா இருக்கிற என் தங்கச்சி பொண்ணுக்குக் கொடுத்தேன். அவளுக்குத் தோளும் சரியா இருந்தது.

"தேய்க்கணும்" எழுதின அஞ்சும் லினன். தேய்க்காமலே ஒரு நாள் போட்டுட்டுப் போனேன். துவைச்சதும் ஈரத்தோட உதறி, ஓரத்தை இழுத்து விட்டு ஹேங்கர்ல காய வெச்சேன், அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லல. எனக்கும் ரெண்டு மணி நேரத்துல மறந்து போச்சு.

வடகாற்று ஐயா, மெல்லிசா ஒரு கார்டிகன் இப்ப ஆபீஸ் மேசை டிராயர்லயே இருக்கு. போனதும் போடறதில்ல. முதல்ல தண்ணி குடிச்சு, மெயில் பார்த்து, சட்டை காஞ்சப்புறம் போடறேன். பல்லு கிட்டறது நின்னு போச்சு. உள்ள பனியன் மாத்தற யோசனையைத்தான் இன்னும் செய்யல, செய்வேன்.

கட்டில்ல நாலு பேண்டை விரிச்சு வெச்சப்ப ஒண்ணு புரிஞ்சது. நாலுல மூணு ஜீன்ஸ், மூணும் ஒரே நீலம். அதனாலதான் "பேண்ட் சேரல"ன்னு எழுதின நாலு குர்தாவும் நீலமாவே இருந்திருக்கு. நான் வாங்கினது எல்லாம் எனக்குப் பிடிச்ச ஒரே நிறத்துல, ஒண்ணு மேல ஒண்ணு. ஒரு ஜீன்ஸை எடுத்துட்டு, பீரோவுக்கு அடியில கிடந்த காவி நிறப் பேண்டை எடுத்து வெச்சேன். அது ரொம்ப நீளம்னு போடாம இருந்தேன். கணுக்காலுக்கு ரெண்டு விரல் மேல மடிச்சுத் தைக்கக் கொடுத்திருக்கேன், மழைக்கும் ஆச்சு. நாலு நீலக் குர்தாவும் அதோட சேருது, ஜன்னல்கிட்ட வெச்சுப் பார்த்துட்டேன்.

இப்ப எத்தனை உருப்படின்னு எண்ணல. சாம்பல் நீலச் சட்டையை நேத்து வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பார்த்தேன் அம்மா. கழுத்துப் பட்டை மடிப்புல ஒரு விரல் நீளத்துக்குச் சல்லடையா தெரியுது. அந்தப் பட்டையை மட்டும் கழட்டித் திருப்பி வெச்சுத் தைக்க முடியுமா?


நூல்கண்டு எழுதியது:

தாராளமா முடியும். சல்லடையா தெரிஞ்சா அனுப்பிடலாம்னு சொன்னேனே, அதுல கழுத்துப் பட்டைக்கு மட்டும் விலக்கு. கழுத்துப் பட்டையைப் பிரிச்சு, தேய்ஞ்ச பக்கம் உள்ள போற மாதிரி திருப்பி வெச்சுத் தைப்போம். ஒட்டு கேன்வாஸ் (விறைப்புக்காக உள்ள ஒட்டற துணி) வெச்ச பட்டையான்னு மட்டும் முதல்ல பாருங்க, ரெண்டு விரலால பிடிச்சுக் கசக்கினா விறைப்பா, காகிதம் மாதிரி இருக்கும். அப்படி இருந்தாலும் திருப்பலாம், ஆனா பிரிக்கறப்ப நிதானமா பிரிக்கணும், நூலை இழுத்தா துணி வந்துடும். பட்டை நுனியில பட்டன் போடற சட்டைன்னா பட்டன் துளை பின்பக்கம் போயிடும், அதுக்கு மட்டும் கைத்தையல் வேணும். தைக்கிறவர்கிட்ட "பட்டை திருப்பணும்"னு சொன்னாலே புரியும். திருப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை துவைச்சுக் கொடுங்க, மடிப்புல இருக்கிற அழுக்கு போனாத்தான் தேய்மானம் எதுவரைக்கும் இருக்குன்னு தெரியும்.